குரல் நடிப்புக்கான வீட்டு ஒலிப்பதிவு

குரல் நடிப்புக்கான வீட்டு ஒலிப்பதிவு என்பது மொழிமாற்றுப் படம், அசைவூட்டப் படம், வானொலி நாடகம், ஒலிநூல், விளம்பரம் முதலியவற்றுக்குத் தேவையான பேச்சை, ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் செல்லாமல், குடியிருக்கும் வீட்டின் ஓர் அறையிலேயே பதிவு செய்வதாகும். கணினி, கைப்பேசி, கட்டற்ற மென்பொருள்கள் ஆகியவற்றின் பரவலால் இதற்கான கருவிச் செலவு பெரிதும் குறைந்துவிட்டது. எனினும் வீட்டில் பதிவு செய்யப்பட்ட குரலைக் கேட்டவுடன் அடையாளம் காண முடிகிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒலிவாங்கியின் விலை அன்று. குரல் பதிவான அறையும், வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே உள்ள தொலைவுமே ஆகும்.

பதிவின் தரம் குறைந்தால் நடிப்பு சிறப்பாக இருந்தும் பயன்படாமல் போகலாம். ஒரு நாடகத்தில் ஐந்து நடிகர்கள் ஐந்து வீடுகளில் பேசிய வசனங்கள் ஒரே காட்சியில் இணைக்கப்படும்போது, ஒருவருடைய குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் ஒலித்தால் அக்காட்சி குலைந்துவிடும். ஒலிநூலைப் பல மணி நேரம் தொடர்ந்து கேட்பவருக்கு, குறிப்பாக அச்சு நூலைப் படிக்க இயலாத பார்வையற்றோருக்கு, இடைவிடாத இரைச்சல் பெரும் களைப்பைத் தரும். தேர்வுக்காக அனுப்பப்படும் மாதிரிக் குரல்பதிவுகளோ முதற்சில விநாடிகளிலேயே ஒதுக்கப்படக்கூடும். எனவே கையில் உள்ள சிறுதொகையை எதற்கு முதலில் செலவிடுவது என்பதே புதியவர் முடிவு செய்ய வேண்டிய முதல் வினா.

வரலாறு

குரல் நடிகர் வீட்டிலிருந்தே பணியாற்றுவது கணினிக் காலத்துக்கு முந்தியது. அமெரிக்கக் குரல் நடிகர் மெல் பிளாங்க் 1961 சனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கடுமையான கார் விபத்துக்குள்ளானார். உடல் முழுவதும் மாவுக்கட்டுடன் படுத்திருந்த அவருடைய வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கருவிகள் நிறுவப்பட்டு, "த ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்" தொடரின் பார்னி ரபிள் பாத்திரத்துக்கான குரல் பதிவு செய்யப்பட்டது. ஒரு பெரிய நிறுவனம் செலவை ஏற்றதாலேயே அன்று இது இயன்றது.

1962 இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் ஆகிய இருவரும் எலக்ட்ரெட் ஒலிவாங்கியை உருவாக்கியது விலைக்குறைப்பின் தொடக்கம் எனலாம். சட்டையில் குத்தும் சிறு ஒலிவாங்கி முதல் பல மலிவு விலை ஒலிவாங்கிகள் வரை இன்றும் இதே தத்துவத்தில் இயங்குகின்றன. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடாசிட்டி என்னும் கட்டற்ற மென்பொருள் ஒலித் திருத்தத்தைச் செலவற்றதாக்கியது. 2005 இல் கனடாவின் மொன்றியால் நகரைச் சேர்ந்த ஹியூ மெகுவையர் லிப்ரிவாக்ஸ் திட்டத்தைத் தொடங்கினார். பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தம் வீடுகளில் வாசித்துப் பதிவு செய்து தருவது இத்திட்டம். 2020 இல் கொரோனா பெருந்தொற்றால் ஒலிப்பதிவுக் கூடங்கள் மூடப்பட்டபோது, புகழ்பெற்ற நடிகர்களும் துணி அலமாரிகளுக்குள் அமர்ந்து பேச வேண்டியதாயிற்று.

நேரொலியும் அறையொலியும்

பேசுபவரின் குரல் இரு வழிகளில் ஒலிவாங்கியை அடைகிறது. வாயிலிருந்து நேராக வருவது நேரொலி. சுவர், கூரை, தரை, மேசை, சன்னல் கண்ணாடி ஆகியவற்றில் பட்டுப் பலமுறை தெறித்து, ஒன்றோடொன்று கலந்து சற்றே தாமதமாக வருவது அறையொலி. தெறித்த ஒலிகள் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே நீட்சியாகக் கேட்பது எதிர்முழக்கம் எனப்படும். அறையில் இருக்கும்போது இதை நாம் பெரும்பாலும் உணர்வதில்லை. இரண்டு காதுகளுக்கும் வந்து சேரும் ஒலிகளின் வேறுபாட்டைக் கொண்டு, முதலில் வந்த நேரொலிக்கே மூளை முதன்மை தருகிறது. ஒற்றை ஒலிவாங்கிக்கு அத்தகைய பகுத்தறிவு கிடையாது. அதனால்தான் பேசும்போது இயல்பாக இருந்த குரல், பதிவைக் கேட்கும்போது தொலைவில் இருந்து வருவதுபோல் தோன்றுகிறது.

எதிர்முழக்கத்தை முதன்முதலில் அளந்து விளக்கியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் வாலஸ் சபைன். அங்குள்ள ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் பேச்சு எவருக்கும் விளங்கவில்லை. ஒலித்த சொல் ஐந்தரை விநாடி வரை கூடத்தில் தங்கியது. அதைச் சரிசெய்யும் பணி 1895 இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை அவர் நள்ளிரவுக்குப் பின் எடுத்துவரச் செய்து, சில சிலவாகக் கூடத்தில் பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஒலித்து நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பிச் சென்றுவிட வேண்டும். மெத்தைகள் பெருகப் பெருக ஒலி விரைவில் அடங்கியது. இவ்வாறு பிறந்ததே சபைன் வாய்ப்பாடு:

எதிர்முழக்க நேரம் (விநாடி) = 0.161 × அறையின் கன அளவு (கன மீட்டர்) ÷ மொத்த உட்கவர்வு (சதுர மீட்டர்)

ஒலி 60 டெசிபல் குறைவதற்கு ஆகும் காலமே எதிர்முழக்க நேரம். ஒவ்வொரு பரப்பையும் அதன் உட்கவர் எண்ணால் பெருக்கிக் கூட்டினால் மொத்த உட்கவர்வு கிடைக்கும். தன்மேல் பட்ட ஒலியைத் திருப்பி அனுப்பாத திறந்த சன்னலின் உட்கவர் எண் 1 எனக் கொள்ளப்படுகிறது.

தமிழ்நாட்டு நகரங்களில் வழக்கமாகக் காணப்படும் ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 3.5 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 3 மீட்டர். கன அளவு 31.5 கன மீட்டர். உட்பரப்பு 60 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சு, கற்காரைக் கூரை, தரை ஓடு ஆகிய அனைத்துக்கும் உட்கவர் எண்ணைத் தோராயமாக 0.03 எனக் கொண்டால் மொத்த உட்கவர்வு 1.8 சதுர மீட்டர். வெற்றறையின் எதிர்முழக்க நேரம் ஏறத்தாழ 2.8 விநாடி என வாய்ப்பாடு தருகிறது. கதவு, கட்டில், திரைச்சீலை, பேசுபவரின் உடல் ஆகியன இதைக் குறைக்கும். ஆயினும், பேச்சுப் பதிவுக்கு விரும்பத்தக்க 0.2 முதல் 0.3 விநாடி என்னும் அளவுக்கு இது வெகு தொலைவு.

அவ்வறையில் மெத்தைகளும் கனத்த போர்வைகளுமாக 8 சதுர மீட்டர் உட்கவர்வைச் சேர்த்தால் நேரம் 0.5 விநாடிக்கு இறங்கிவிடும். அதை மேலும் பாதியாக்க வேண்டுமானால் இன்னொரு 10 சதுர மீட்டர் தேவை. முதல் சில மெத்தைகளே பெரும்பயன் தருகின்றன. பிறகு பயன் குறைந்துகொண்டே போகிறது. (சிறிய அறைகளில் சபைன் வாய்ப்பாடு துல்லியமானதன்று, ஆனால் எது எவ்வளவு உதவும் என்று மதிப்பிட இது போதும்.)

தொலைவின் பங்கு

அறையொலி அறை முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவாக நிறைந்திருக்கும். நேரொலி அவ்வாறன்று, தொலைவு இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும், பாதியாகும்போது 6 டெசிபல் கூடும். ஆகவே இரண்டும் சமமாக இருக்கும் ஒரு தொலைவு ஒவ்வோர் அறைக்கும் உண்டு. இதை மாறுநிலைத் தொலைவு எனலாம். எல்லாத் திசைகளிலும் சமமாகக் கேட்கும் ஒலிவாங்கிக்கு, மேற்கண்ட வெற்றறையில் இது 19 சென்டிமீட்டர் மட்டுமே. மெத்தைகள் வைத்தபின் 44 சென்டிமீட்டர் ஆகிறது.

இவ்விரு எண்களையும் சற்று ஆராய்ந்தால் வீட்டு ஒலிப்பதிவின் சிக்கல் முழுவதும் விளங்கும். வெற்றறையில் மடிக்கணினியின் உள்ளமை ஒலிவாங்கியில் 60 சென்டிமீட்டர் தள்ளி அமர்ந்து பேசினால், அறையொலி நேரொலியைவிட 10 டெசிபல் மிகுந்திருக்கும். அதாவது பதிவாவது பேசுபவரின் குரலைக் காட்டிலும் அறையின் குரலே. அதே அறையில் 15 சென்டிமீட்டருக்கு நெருங்கி வந்தால் நேரொலி 2 டெசிபல் மிஞ்சும். மெத்தைகளையும் வைத்து 15 சென்டிமீட்டரில் பேசினால் நேரொலி 9 டெசிபல் மிஞ்சும். எதிரில் வரும் ஒலியை மிகுதியாகவும் பின்னால் வருவதைக் குறைவாகவும் ஏற்கும் இதயவடிவ ஒலிவாங்கியானால் இன்னும் ஏறத்தாழ 5 டெசிபல் கிடைக்கும். முதல் நிலைக்கும் கடைசி நிலைக்கும் இடையே 24 டெசிபல் வேறுபாடு. இதில் புதிதாக வாங்கியது ஒலிவாங்கி ஒன்றுதான். அது தந்தது 5 டெசிபல்.

அறையைப் பக்குவப்படுத்தல்

நூல் நூற்ற பஞ்சோ இலவம்பஞ்சோ அடைத்த மெத்தை வீட்டில் கிடைக்கும் மிகச் சிறந்த உட்கவர் பொருள். நுரை மெத்தையில் இரு வகை உண்டு. வாயால் ஊதினால் காற்று ஊடுருவிச் செல்லும் திறந்த நுரை நன்கு உதவும். காற்றை விடாத மூடிய நுரையும், பிளாத்திக்கு உறை போட்ட மெத்தையும் அந்த அளவுக்கு உதவா. சன்னமான ஜமுக்காளம், பாய், சேலை ஆகியன உயர் அதிர்வெண்களை மட்டும் சிறிது குறைக்கும்.

தடிமனுக்குக் காரணம் உண்டு. நொடிக்கு 1000 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். சுவரை ஒட்டிய இடத்தில் காற்றுத் துகள்கள் அசைவதே இல்லை. அலைநீளத்தின் நான்கில் ஒரு பங்கு, அதாவது எட்டரை சென்டிமீட்டர் தள்ளியே அவை மிகுதியாக அசைகின்றன. அசைவு உள்ள இடத்தில் இருக்கும் பஞ்சே ஒலியாற்றலை உராய்வால் வெப்பமாக மாற்றும். எனவே சுவரோடு ஒட்டிய 2 சென்டிமீட்டர் நுரை 1000 அதிர்வுக்குக் கீழே ஏறக்குறைய பயனற்றது. அதே பொருளைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிட்டால் பயன் கூடும். போர்வையை ஆணியில் மாட்டுவதைவிடத் துணி உலர்த்தும் கொடியில் இரண்டாக மடித்துப் போடுவது நல்லது, செலவும் இல்லை.

முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் அறை ஒலிப்பதிவுக் கூடமாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அவற்றில் உள்ள பொருள் மெல்லியது. பேச்சின் பெரும்பகுதியை அது உட்கவர்வதில்லை. எளிதில் தீப்பற்றும் என்பதால் மின்விளக்குகள் உள்ள சிற்றறையில் அது இடரானதும்கூட.

மெத்தையை எங்கே நிறுத்துவது என்பதில் பலர் தவறுகின்றனர். ஒலிவாங்கிக்குப் பின்னால் வளைவான நுரைத் தடுப்பு ஒன்றை வாங்கி வைப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் இதயவடிவ ஒலிவாங்கி தன் பின்புறத்தில் மிகக் குறைவாகவே கேட்கிறது. அதன் முகம் நோக்கியிருப்பது பேசுபவரை. பேசுபவருக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து தெறிக்கும் ஒலியே நேராக அதற்குள் நுழைகிறது. ஆகவே முதல் மெத்தை பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அடுத்தவை இருபக்கமும். அதன் பிறகு தலைக்கு மேல் கொடியில் ஒரு போர்வை; கற்காரைக் கூரையும் ஓட்டுத் தரையும் எதிரெதிரே நின்று ஒலியைத் தட்டித் தட்டி விளையாடுவதை இது தடுக்கும். கைதட்டிப் பார்த்து, "டிங்" என்ற உலோக நீட்சி கேட்காத நிலை வரும்வரை இடம் மாற்றிப் பார்க்கலாம்.

துணிகள் நிறைந்த அலமாரிக்குள் அமர்வது எளிய வழிதான். ஆயினும் ஒரு மீட்டர் அகலமே உள்ள பெட்டி போன்ற இடத்தில் 170 அதிர்வெண்ணை ஒட்டி நிலையலை தோன்றும். இது மனிதக் குரலின் அடிப்படை அதிர்வெண் எல்லைக்குள் வருவதால் குரல் தகர டப்பாவுக்குள் ஒலிப்பதுபோல் ஆகிவிடும். அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டி, அறையைப் பார்த்துப் பேசுவது மேலானது. எஃகு பீரோவானால் அதன் கதவு அதிரும்; கதவின் மேல் ஒரு போர்வையைப் போட்டுவிட வேண்டும்.

இரைச்சல்

மெத்தையும் போர்வையும் அறைக்குள் பிறக்கும் ஒலியை அடக்குமேயன்றித் தெருவொலியைத் தடுக்கா. ஒலியை உட்கவர்வது வேறு, ஒலியைத் தடுப்பது வேறு. தடுப்பதற்குப் பாரமான, இடைவெளியற்ற சுவர் வேண்டும். அதற்குச் செலவு மிகும். குறைந்த செலவில் செய்யக்கூடியது இடைவெளிகளை அடைப்பது மட்டுமே. கதவுக்கடியில் சுருட்டிய துணி, சன்னல் விளிம்பில் நுரைப்பட்டை ஆகியன தம் விலைக்கு மீறிய பயன் தரும். மற்றபடி, இரைச்சலிலிருந்து விலகிச் செல்வதுதான் வழி.

முதல் எதிரி மின்விசிறி. அதன் காற்று ஒலிவாங்கியில் மோதுகிறது, இயக்கி உறுமுகிறது, சுழலும் இறக்கைகள் தெறிப்பொலியைக்கூட நடுங்கச் செய்கின்றன. சென்னையின் மே மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வைகளுக்கு நடுவே அமர்வது தவம் என்பதில் ஐயமில்லை. இருபது நிமிடம் பதிவு, பத்து நிமிடம் காற்று என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது. வியர்த்துக் களைத்த குரல் பதிவிலும் தெரியும். குளிர்பதனப் பெட்டியை நிறுத்துபவர் தம் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட்டால், மீண்டும் இயக்க மறக்கமாட்டார்.

இந்தியாவின் மின்வழங்கல் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஆகவே மின்மாற்றி, குழல்விளக்கின் சோக்கு போன்றவை 100 அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் உறுமும். மின்வெட்டின்போது இயங்கும் இன்வர்ட்டர் சில வீடுகளில் இதைவிடக் கரகரப்பான ஒலியை எழுப்புகிறது. மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றி மின்கலத்தில் இயக்கினாலே பல வீடுகளில் ஒலிவாங்கியின் முணுமுணுப்பு மறைந்துவிடும். கணினியின் சொந்த விசிறி ஓடத் தொடங்கினால், அதை மேசையிலிருந்து இறக்கி ஒலிவாங்கியின் முதுகுப் பக்கம் வைக்க வேண்டும்.

நேரத் தெரிவும் ஒரு கருவியே. இரவு பதினொரு மணிக்கு மேல் போக்குவரத்து அடங்கும், நாய்கள் அடங்கா. விடியற்காலை அமைதியானது, காகங்கள் எழும்வரை. மார்கழி மாதத்தில் கோயில் ஒலிபெருக்கி அதற்கும் முன்பே எழுந்துவிடும். ஒரு வாரம் வெவ்வேறு நேரங்களில் பத்து விநாடி அமைதியைப் பதிவு செய்து அளவுகளைக் குறித்துக்கொண்டால், அந்த வீட்டின் அமைதி நேரம் தானே தெரியவரும்.

ஒலிவாங்கி

ஒலிவாங்கிகளில் குரல் பதிவுக்குப் பயன்படுபவை முக்கியமாக இரு வகை. காந்தப்புலத்தில் சுருள் அசைவதால் மின்னோட்டம் தருவது இயங்குசுருள் ஒலிவாங்கி. மின்தேக்கியின் தகடு அசைவதால் மின்னழுத்த மாற்றம் தருவது மின்தேக்கி ஒலிவாங்கி. முன்னது அறையொலியை ஏற்காது, பின்னது எல்லாவற்றையும் ஏற்கும் என்று சொல்வது வழக்கம். இது பாதி உண்மை. திசையுணர் அமைப்பு ஒன்றாக இருந்தால், ஒரே தொலைவில் இரண்டும் ஒரே விகிதத்திலேயே அறையொலியை ஏற்கும். இயங்குசுருள் ஒலிவாங்கியின் உணர்திறன் குறைவு என்பதால் அதை வாயருகே வைத்துப் பேச நேர்கிறது. அறையொலி குறைவது அந்த நெருக்கத்தால்தான்.

யூ.எஸ்.பி. வழியாக நேரடியாக இணையும் ஒலிவாங்கி தொடக்கநிலையினருக்குப் போதுமானது. தனி இடைமுகக் கருவியும் 48 வோல்ட் மின்வழங்கலும் வேண்டும் ஒலிவாங்கிகள் பின்னாளில் வாங்கத்தக்கவை. பெரிய உலோக உறை, தாங்கி, நுரைத்தொப்பி என்று எல்லாம் சேர்த்து மிக மலிவாக விற்கப்படும் தொகுப்புகளில் எச்சரிக்கை தேவை. சிலவற்றின் பெரிய உறைக்குள் இருப்பது சட்டையில் குத்தும் ஒலிவாங்கியில் உள்ளதைப் போன்ற சிறு எலக்ட்ரெட் கூறுதான்.

எதுவும் வாங்க இயலாதவர் கைப்பேசியிலேயே தொடங்கலாம். மெத்தைகளுக்கு நடுவே 15 சென்டிமீட்டரில் வைத்த கைப்பேசி, வெற்றறையில் அரை மீட்டர் தள்ளி வைத்த விலையுயர்ந்த ஒலிவாங்கியைவிடத் தெளிவான பேச்சைத் தரும். விமானப் பயண நிலையில் வைத்து, சுருக்கப்படாத வேவ் கோப்பாகச் சேமிக்கும் செயலியைப் பயன்படுத்த வேண்டும். ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிட வேண்டும்; இல்லையேல் ஒவ்வொரு இடைநிறுத்தத்திலும் இரைச்சல் அலையென எழும். புளூடூத் தலையணியின் ஒலிவாங்கி இப்பணிக்குத் தகாது. பேச்சுக்காக அது நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளையே வழக்கமாக அனுப்புவதால், குரலின் மேற்பகுதி முற்றிலும் வெட்டுண்டுவிடும்.

பேசும் முறை

ஒரு சாண் தொலைவு, அல்லது அதற்குச் சற்றுக் குறைவு, பொதுவான தொடக்க நிலை. பகரத்தில் தொடங்கும் சொற்களில் வாயிலிருந்து வரும் காற்றுத்திரள் ஒலிவாங்கியை அறைந்து "தொப்" என்று ஒலிக்கும். இதற்கான வடிகட்டியைப் பூத்தையல் வளையத்தில் மெல்லிய நைலான் காலுறையை இழுத்துக் கட்டி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒலிவாங்கிக்கு நான்கு விரல் முன்னால் நிறுத்த வேண்டும். ஒலிவாங்கியை வாய்க்கு நேராக வைக்காமல் ஒருபக்கமாகச் சாய்த்து, வாயை நோக்கித் திருப்பி வைத்தாலும் காற்று விலகிப்போகும். சகரம், ஸகரம் ஆகியவற்றின் சீறலும் இதனால் குறையும். பத்து சென்டிமீட்டருக்கும் நெருங்கினால் இதயவடிவ ஒலிவாங்கியில் தாழ் அதிர்வெண்கள் மிகைப்படும். குரல் கம்பீரமாவதுபோல் தோன்றும் இது, தலையை அசைக்கும்தோறும் மாறுவதால், நீண்ட வாசிப்புக்கு ஏற்றதன்று.

குரல் நடிப்பு செய்தி வாசிப்பைப் போன்றதன்று. ஒரே பக்கத்தில் கிசுகிசுப்பும் கூச்சலும் வரும். கூச்சலுக்கு நடிகர் இயல்பாகவே பின்னால் நகர்வார்; 15 சென்டிமீட்டரிலிருந்து 30 க்கு நகர்ந்தால் அறையொலியின் விகிதம் 6 டெசிபல் கூடிவிடும், அந்த ஒரு வசனம் மட்டும் வேறு அறையில் பேசியதுபோல் ஆகும். நகராமல் முகத்தைச் சற்றுத் திருப்பிக் கத்துவது ஒரு வழி. உரத்த வசனங்களையெல்லாம் தனியாகக் குறித்துக்கொண்டு, பெருக்கத்தைக் குறைத்து, இறுதியில் ஒருசேரப் பதிவு செய்வது அதைவிட நல்ல வழி. தொண்டைக்கும் அது பாதுகாப்பு. கிசுகிசுப்புக்கு நெருங்கி வரலாம். வீட்டின் இரைச்சல் உண்மையில் எவ்வளவு என்பது கிசுகிசுப்பில்தான் வெளிப்படும்.

தாளில் அச்சிட்ட வசனமானால் பக்கத்தை வசனத்தின் நடுவே திருப்பலாகாது. கண் மட்டத்தில் வைத்துப் படிப்பது கழுத்தை நிமிர்த்தி வைக்கும். குனிந்து படித்தால் குரல் மார்புக்குள் விழும். மேசையில் தெறித்து வரும் ஒலியும் சேரும்.

பதிவு அளவு

இலக்க ஒலிப்பதிவில் உச்ச அளவு 0 டெசிபல். அதைத் தாண்டிய அலை தட்டையாக வெட்டப்பட்டுவிடும். அதை மீட்பது அரிது. 16 பிட் பதிவில் உச்சத்துக்கும் அடித்தள இரைச்சலுக்கும் இடையே கோட்பாட்டளவில் 96 டெசிபல் இடமுண்டு. 24 பிட் பதிவில் 144. வீட்டறையின் இரைச்சல் இவ்விரண்டு அடித்தளங்களுக்கும் மேலேயே இருப்பதால், 0 ஐ ஒட்டிப் பதிவு செய்ய வேண்டிய தேவை ஏதும் இல்லை. 24 பிட், நொடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரிகள், ஒற்றைத் தடம், உரத்த சொல்லின் உச்சம் -12 முதல் -6 டெசிபல் வரை என்று வைத்துக்கொண்டால் போதும்.

திருத்தம்

திருத்தத்தைத் தொடங்கும் முன் மூலக்கோப்பின் படி ஒன்றைத் தனியே சேமிக்க வேண்டும். பிறகு செய்யும் வேலைகள் குறைவாக இருப்பதே நல்லது. நொடிக்கு 80 அதிர்வுக்குக் கீழ் உள்ளவற்றை நீக்கும் வடிகட்டி வண்டியொலியின் உறுமலைக் குறைக்கும். அடுத்து இரைச்சல் நீக்கம். ஆடாசிட்டியில், பேச்சற்ற ஒரு பகுதியை மாதிரியாகக் காட்டினால், மென்பொருள் அதன் அதிர்வெண் பரவலைக் கற்று, கோப்பு முழுவதிலும் அந்த அதிர்வெண்களை மட்டுப்படுத்தும். விசிறி, மின் உறுமல் போன்ற மாறாத இரைச்சலுக்கு மட்டுமே இது பயன்படும். நாய் குரைத்தால் வசனத்தைத் திரும்பப் பேச வேண்டியதுதான்.

6 முதல் 12 டெசிபல் வரை நீக்குவது பாதுகாப்பானது. அதற்கு மேல் போனால் குரலில் நீருக்குள் மணி ஒலிப்பது போன்ற கிணுகிணுப்பு தோன்றும். தமிழுக்கு இதில் தனி இடர் ஒன்று உண்டு. ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிவது பெரும்பாலும் குரலின் உயர் ஒத்திசைவுப் பட்டைகளைக் கொண்டே. இவை அடிப்படை அதிர்வெண்ணைவிடப் பன்மடங்கு உயரத்தில், குறைந்த ஆற்றலோடு இருப்பவை. கடுமையான இரைச்சல் நீக்கம் இவற்றையும் இரைச்சலோடு சேர்த்துத் துடைத்துவிடும். "பள்ளி" என்று திருத்தமாகச் சொன்னவர் "பல்லி" என்று சொன்னதாகக் கேட்டால் குற்றம் நாவில் இல்லை. எதிர்முழக்கத்தை நீக்கும் மென்பொருள்களும் உள்ளன. இயந்திரக் கற்றல் வழியே அண்மை ஆண்டுகளில் இவை மிகவும் மேம்பட்டுள்ளன. ஆனால் அழுகை, மூச்சுத் திணறல், கிசுகிசுப்பு போன்ற, நடிப்புக்கு உயிரான ஒலிகளை இவை இரைச்சலாகக் கருதி அழித்துவிடுவதுண்டு.

அதன் பின் உரத்த பகுதிகளைச் சிறிது அமுக்கும் ஒடுக்கியும், மொத்த அளவை உயர்த்துதலும். அளவை உயர்த்தினால் இரைச்சலும் அதே அளவு உயரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 10 டெசிபல் உயர்த்திய கோப்பில் -65 இல் கிடந்த இரைச்சல் -55 இல் வந்து நிற்கும்.

ஏற்பு அளவுகள்

ஒலிநூல் வெளியீட்டுத் தளமான ஏ.சி.எக்ஸ். கேட்கும் அளவுகள் இத்துறையில் ஓர் அளவுகோலாகப் பயன்படுகின்றன. பேச்சின் சராசரி அளவு -23 க்கும் -18 டெசிபலுக்கும் இடையே, உச்சம் -3 ஐத் தாண்டாமல், அமைதியின்போது இரைச்சல் -60 க்குக் கீழே இருக்க வேண்டும். கோப்பு நொடிக்கு 192 கிலோபிட் எம்பி3 வடிவில் அமைய வேண்டும். லிப்ரிவாக்ஸ் நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3 கேட்கிறது. தரத்தில் அது தன்னார்வலர்களிடம் தாராளமாகவே நடந்துகொள்கிறது. மொழிமாற்றுப் பணி தருவோர் பெரும்பாலும் எந்தத் திருத்தமும் செய்யாத வேவ் கோப்பையே விரும்புவர். அவ்வாறு அனுப்பும்போது கோப்பின் இறுதியில் பேச்சில்லாத அறையமைதியை அரை நிமிடம் பதிந்து அனுப்புவது வழக்கம். வசனங்களுக்கிடையே வெட்டிய இடங்களை நிரப்ப ஒலித்தொகுப்பாளருக்கு அது தேவைப்படும்; முற்றிலும் ஒலியற்ற இடைவெளியைக் காது உடனே கண்டுகொள்ளும்.